குழாய் மாற்றிய பிறகு

திரையில் இருந்த வித்தியாசம் இடம் மாறவே இல்லை.

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். பார்த்து என்ன? மாறாதது மாறாததுதான்.

ஒரே அணுக்களால் ஆன மூலக்கூறு. ஆனால் இரண்டு வடிவம், இடக்கையும் வலக்கையும் போல. இரண்டும் லேசர் ஒளியை ஒரே அலைநீளத்தில் விழுங்க வேண்டும். மயிரிழை பிசகினால் போதும், இயற்கையும் இடம் வலம் பார்க்கிறது என்று அர்த்தம். அந்த மயிரிழையை உலகத்தில் இன்னும் ஒருவரும் கண்டதில்லை.

சபேசன் சார் கண்டுவிட்டார்.

இடக்கை வாயு ஒரு குழாயில், வலக்கை வாயு மறு குழாயில். அளந்ததும் கொஞ்சம் வித்தியாசம். அவ்வளவுதான், மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேச்சு தயார், சால்வை தயார், பத்திரிகைக்காரர்களுக்கு முந்திரி கேக் தயார்.

வாயுக்களைக் குழாய் மாற்றி ஒருமுறை அளக்க மட்டும் அவருக்கு நேரமில்லை. அவள் கேட்டபோதெல்லாம், சந்தேகப்படுவது சின்ன மூளையின் வேலை என்றார்.

பெரிய மூளைதான், போங்கள்.

இன்று காலை அவள் யாரையும் கேட்காமல் மாற்றினாள். வித்தியாசம் மூலக்கூறினுடையது என்றால் அதுவும் கூடவே மாறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பழைய குழாயையே பிடித்துக்கொண்டு நின்றது.

பிரபஞ்ச ரகசியமாம்! குழாயின் வால்வு சரியாக மூடவில்லை. காற்று கசிகிறது.

நம்பிராஜனாக இருந்தால் இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருப்பான். அவளுடைய சீனியர். போன வருஷம் இதே சாரின் இன்னொரு பொய்க்கணக்குக்கு வாய் மூடியிருந்து டாக்டர் பட்டம் வாங்கியவன். கேன்டீனில் அவன் நீட்டிய ஜாங்கிரியை அவள் தொடவில்லை. முதுகெலும்பு இல்லாதவன் கொடுத்தால் எனக்கு இறங்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

சார் வந்தார். பட்டுச் சட்டை, சென்ட் வாசனை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழையபடி மாத்தி வச்சிரும்மா. உன் தீசிஸ் என் மேஜைமேலதான் கிடக்கு. சாயந்திரம் கையெழுத்து போட்டுடறேன்."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். காபிக்குச் சர்க்கரை போடச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு வருஷம். அந்தக் கையெழுத்துக்காக ஆறு வருஷம்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் குழாய்களின் முன்னால் நின்றாள்.

மதியம் அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் சார் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டி, இயற்கைக்கு இவை இரண்டும் ஒன்றல்ல என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது.

அவளும் வாசலில் நின்று தட்டினாள்.

கடைசி வரிசையிலிருந்து நம்பிராஜன் திரும்பிப் பார்த்தான். அவள் கைகளைப் பார்த்தான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.