அத்தை வந்து சேர்ந்தாள்

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அத்தையால் சேர்ந்தாற்போல் நாலு அடி நடக்க முடியாது. ஆனாலும் உன் குழந்தையைப் பார்க்க வந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நடுவில் விமானம் மாற ஐம்பது நிமிடம்தான். சக்கர நாற்காலிக்காக நான்கு முறை போன் செய்து உறுதிசெய்திருந்தேன்.

அவளை அழைத்துவர விமான நிலையத்தில் காத்திருந்தபோது, விமானம் மாறும் ஊரிலிருந்து ஒரு பணிப்பெண் அழைத்தாள்.

"சார், முதல் ஃபிளைட் லேட். அடுத்ததைப் பிடிக்க முடியல. நாளைக்குக் காலையில ஏத்தி விட்டுடறோம். உங்க அத்தை பக்கத்துலதான் இருக்காங்க, பேசுங்க."

"கவலைப்படாதடா, காபியெல்லாம் வாங்கிக் குடுத்துட்டாங்க," என்றாள் அத்தை உற்சாகமாக.

அப்போது எதிரே கண்ணாடிக் கதவு திறந்தது. நாற்காலியைத் தள்ளிவந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி அத்தை வெளியே வந்தாள்.

"என்னடா பேந்தப் பேந்த முழிக்கிற? போன்ல யாரு?"

போனை அவளிடம் நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனைத் திருப்பித் தந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். விரல்கள் கதகதப்பாக இருந்தன.

"நாளைக்குக் காலையில வந்துடுவாளாம். பாவம்டா, ரொம்பக் களைச்சுப்போய் வருவா. கட்டிலை அவளுக்கு விட்டுட்டு நான் சோபாவுல படுத்துக்கறேன்."