ஊர்வலத்துக்கு வராதவள்

ஜெயித்து வந்தவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றுதான் தெருவே பேசியது.

பள்ளிக்கூடத்துப் பாராட்டு விழாவுக்கு அவளை ஊர்வலமாக அழைத்துப்போக, மாலை கட்டிய ஜீப்பு அரை மணி நேரமாக வாசலில் நிற்கிறது. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். மெட்ராசில் நூறு மீட்டர் ஓட்டத்தில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த ராமுத்தாயோ, வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு அசைய மாட்டேன் என்கிறாள்.

"தங்கச்சி, நீ ஓடியே போயிருந்தாக்கூட இந்நேரம் பள்ளிக்கூடம் போய்ச் சேந்திருப்ப!" என்று ஜீப்பிலிருந்து கத்தினான் டிரைவர் சவுகத் அலி.

எதிர்வீட்டு வேலுத்தாய் விடுவாளா? "இளம்பிள்ளை வாதம் வந்து எட்டு வயசு வரைக்கும் காலு சூம்பிக் கெடந்த புள்ள. இன்னைக்கு ஊரையே காக்க வைக்கிது பாரு!"

அம்மா கருத்தம்மாளுக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று உள்ளே போனாள்.

"ஏண்டி, எம் மானத்த வாங்கவா மெடல் வாங்கிட்டு வந்த? தேவாரத்துலருந்து உன்னையப் பாக்க மாப்பிள்ளை வீட்டாளுக வந்து, மேடைக்கு முன்னாடி உக்காந்திருக்காக. வெரசா எந்திரி!"

"அக்கா எங்க?"

"மாயக்காளா? கிட்டங்கியில மூட்டைகளுக்கு நடுவுல ஏலக்காய் பொறுக்கிக்கிட்டிருப்பா. லீவு தரலையாம்."

"பொய் சொல்லாத ஆத்தா!"

ராமுத்தாய் போட்ட சத்தத்தில் வாசல் பேச்சு நின்றுபோனது.

"நான் அங்க போயிட்டுத்தான் வர்றேன். நான் ஜெயிச்சதுக்காக பக்கீர் முகம்மது மொதலாளி எல்லாருக்கும் லீவு விட்டுட்டுக் காலையிலயே கிட்டங்கியப் பூட்டிட்டாரு. பூட்டுன கதவுக்கு முன்னாடி அக்கா ஒத்தையா உக்காந்திருக்கு. கூப்பிட்டா வரமாட்டேங்குது. 'பொழுது சாயுற வரைக்கும் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதன்னு ஆத்தா சொல்லியிருக்கு'ங்குது."

கருத்தம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுடி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். உனக்கு அந்தச் சீக்கு போயிருச்சுன்னு மெடலப் பாத்துத்தான் அவுக நம்பி வந்திருக்காக. உங்கக்கா இடுப்பச் சாச்சுச் சாச்சு நடந்து மேடையேறினா, குடும்பத்துக்கே நொண்டிச் சீக்குன்னு எந்திரிச்சுப் போயிர மாட்டாகளா?"

"போகட்டும். அக்கா வராம நான் ஜீப்புல கால் வைக்க மாட்டேன்."

"அவ என்னடி செஞ்சா உனக்கு? விடியமுன்ன ஜீப்புல தொத்திக்கிட்டு மலை மெட்டுக்குப் போயி, ஏலக்காய்த் தோட்டத்துல அட்டைக்கடியில கெடந்து ஒழைச்சவ நானு. மாரியாத்தாளுக்கு மாசந்தவறாம விளக்குப் போட்டவ நானு. உனக்குக் கால் குடுத்தது அந்தத் தாயி. மாயக்காளுக்கு மட்டும் குடுக்கலையே, நான் என்ன செய்ய? அவ பெறக்கும்போதே அப்படிப் பெறந்தவ!"

ஊருக்கு அப்படிச் சொல்லிச் சொல்லி, கருத்தம்மாளுக்கே அது நிசமாகியிருந்தது.

ராமுத்தாய் எழுந்து வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"பெறக்கும்போதேவா? நீ மலைக்குப் போன நாலு வருசமும் என்னைய இடுப்புல இடுக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிட்டு நடந்தது யாரு? மொத நாளு தூக்கினப்ப அதுக்கு ஒம்பது வயசு, இடுப்பு நேராத்தான் இருந்துச்சு. அக்கா நேரா நடந்த காலத்துல நான் நடக்கவே இல்ல, ஆத்தா."