கோட்டுக்கு முன்னால் ஒரு துளி

கம்ப்யூட்டரும் அவள் கணவரை அவசரக்குடுக்கை என்றே சொன்னது.

திரையில் இருந்த அவருடைய கிளாரினெட் வரியைப் பார்த்து அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அவளும் அவரும் வாசித்த பழைய இசைக்குழு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுகிறது. அந்தக் காலத்தில் வாசித்ததெல்லாம் யாருக்கும் முழுதாக ஞாபகமில்லை. மிஞ்சியது ஸ்டுடியோவில் பதிவு செய்த ஒரு டேப்தான். மகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்து, கேட்டதைக் கேட்டபடி நோட்ஸாக எழுதித் தருகிற சாஃப்ட்வேர் ஒன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். திருத்தி அச்செடுப்பது அவள் பொறுப்பு.

காலையிலிருந்து டேப்பை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு தொடங்குமுன் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், குழுவை நடத்திய மாஸ்டர் தொண்டையைச் செருமுகிற சத்தம். அதற்கே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லோரும் எவ்வளவு சின்னப் பிள்ளைகளாக இருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாஃப்ட்வேருக்கு ஆனால் தாட்சண்யம் கிடையாது. கொஞ்சம் முந்திவிட்டார், போகட்டும் என்று விடத் தெரியாது. பார் என்கிற ஒரு தாளக் கட்டம் முடிந்து அடுத்த பார் தொடங்கும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் விழவேண்டிய சுரம் மயிரிழை முன்னால் விழுந்தால், அந்த மயிரிழையையும் அளந்து, முந்தின பாரின் கடைசியில் நான்கு வால் வைத்த பொடிச் சுரமாக எழுதி, கோட்டைத் தாண்டி ஒரு வளைவு போட்டு அடுத்த பாரோடு கட்டிவிடுகிறது.

அவர் வரி முழுக்கப் பொடிச் சுரங்கள், கடுகு சிந்தினாற்போல.

அதற்குக் கீழே அவளுடைய கீபோர்டு வரி. ஒவ்வொரு சுரமும் கோட்டில் கனகச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் அவளைக் கடிகாரம் என்பார். கிளாரினெட்காரரைத்தான் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்குவார். இவனை ரயிலில் ஏற்றினால் இன்ஜினுக்கு முன்னால் ஓடுவான் என்பார். குழுவே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்ததே அவள்தான். கல்யாணமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. வாத்தியத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்பதுபோல் தலையாட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் கையிலும் இந்தத் தாள் இருக்கும். மறுபடியும் சிரிப்பார்கள். வயதான காலத்தில் அந்த மனிதரை இன்னொரு முறை சந்தி சிரிக்க வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

சாஃப்ட்வேரில் அதற்கும் வழி இருந்தது. பொடிச் சுரங்களைக் கோட்டோடு சேர்த்துச் சீராக்கவா என்று கேட்டது. கீழே ஆமாம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான்கள்.

அழுத்துவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வரியை உருட்டிப் பார்த்தாள்.

நடுவில் ஒரு பக்கம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. டிரம்ஸும் கிளாரினெட்டும் மட்டும் வாசிக்கிற இடம் அது. அவளுக்கு அங்கே வேலையில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் முழுக்க அவர் நூல் பிடித்ததுபோல் கோட்டிலேயே வாசித்திருந்தார்.

அவள் திரும்ப நுழைகிற பாரில் பொடிச் சுரமும் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த பாட்டைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். எல்லாவற்றிலும் இதே கதை. அவள் சும்மா இருக்கும்போது அவருக்கு அவசரமே இல்லை.

மவுஸின் மேல் கை அப்படியே நின்றுவிட்டது.

டிரம்ஸ்காரர் அவளுக்கு இடது பக்கம், பின்னால் உட்காருவார். அவர் குச்சியைத் தட்டிக் கணக்குக் கொடுப்பதைக் கேட்டுத்தான் எல்லோரும் தொடங்குவார்கள், அவளைத் தவிர. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டிருந்தது. தெரிந்தால் வாய்ப்புப் போய்விடும் என்று மாஸ்டரிடம் மறைத்தாள். மறைத்ததைப் பிறகு சொல்ல வெட்கப்பட்டு, கட்டிய கணவரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டாள். வலது பக்கம் நிற்கிற கிளாரினெட்டின் முதல் சத்தம் காதில் விழுந்ததும் விரலை இறக்குவாள். அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

ஒருவரைக் கேட்டுவிட்டு வாசிக்கிறவள் மயிரிழையாவது பிந்தித்தான் ஆகவேண்டும். அவள் பிந்தவே இல்லை. அவள் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதற்காக அவர் முந்தியிருக்கிறார். அதற்கு விழுந்த திட்டையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினாள்.

கூடத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றாள்.

"எனக்கு ஒரு காது கேக்காதுன்னு உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவர் பேப்பரை நிதானமாக மடித்து வைத்தார்.

"என்னம்மா சொன்ன? வயசாயிடுச்சுல்ல, இப்பல்லாம் எனக்குக் காது சரியா கேக்கறதில்ல."

பக்கத்துத் தெருவில் வந்து நிற்கிற ஸ்கூட்டர் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனிதர் அவர்.