தாழ்ப்பாள் இல்லாத கதவு

கதவைச் சாத்தாமலே கழிப்பறைக்குள் போனாள் அந்தப் பெண்.

அவசரத்தில் மறந்திருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேருந்து நிலையக் கழிப்பறையைக் கூட்டித் துடைக்கிற நான் அப்படி நினைக்கவில்லை.

வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போய் என்னை விற்ற வீட்டில், குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவைச் சாத்தினால் பெல்ட்டால் அடி. தப்பி வந்த பிறகும் எத்தனையோ நாள் நானும் சாத்தாமல்தான் போனேன்.

அவள் கை கழுவ வந்தாள். சட்டைக் கையைத் தூக்கி, முழங்கைக்குக் கீழே இருக்கிற சூட்டுத் தழும்பைக் காட்டினேன்.

அவளும் காட்டினாள். அதே இடம். இன்னும் ஆறவில்லை.

"கண்ணு, பஸ் கெளம்பிடும். வெளிய வாம்மா."

வெளியே ஒருத்தி. குரலில் தேன் ஒழுகியது. எங்கோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. ஆள் பிடிக்கிற சனியன்களுக்கெல்லாம் ஒரே குரல்தான்.

பெண் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

குப்பை கொண்டுபோகிற பின்கதவைக் காட்டினேன். தாண்டினால் எதிரே போலீஸ் பூத். ஆனால் கதவை அடைத்துக்கொண்டு பினாயில் பீப்பாய் ஒன்று நின்றது.

"அத நகத்திட்டு ஓடு. திரும்பிப் பாக்காம ஓடு."

இங்கே முன்கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. போட்டுத் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கத்தியதில் என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். தோளைக் கொடுத்துக் கதவை அழுத்தினேன்.

முதல் உதையிலேயே தேன் போய்விட்டது. வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கொட்டினாள். அடுத்த உதையில் கதவு தாடையில் இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயெல்லாம் ரத்தம். வெளியே நாலு பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள். அம்மா மகள் சண்டை என்று நினைத்திருப்பார்கள். நாசமாய்ப் போக.

பெண் அழுதுகொண்டே பீப்பாயைத் தள்ளினாள். அது அசைவேனா என்றது.

மறுபடி உதை. கதவு விலகி, இடுக்கு வழியே ஒரு கை நுழைந்தது. என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. தோல் பிய்ந்தது. துடைப்பக் கட்டையால் அந்தக் கையை அடித்தேன். ஆத்திரம் தீர அடித்தேன். முடியை விட்டுவிட்டுக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் விரல்களைப் பார்த்தேன்.

நடுவிரலும் மோதிர விரலும் பக்கவாட்டில் வளைந்திருந்தன. என் அடியால் இல்லை. பழைய வளைவு. நகமில்லை.

அந்தக் குரலை எங்கே கேட்டேன் என்றும் தெரிந்துவிட்டது.

அந்த வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாக நான் இறங்கியபோது, உள்ளே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள். தாழ்ப்பாளுக்குப் பதில் இவள் கைதான். இடுக்கில் கம்பியை விட்டு அந்த விரல்களை அடித்தார்கள். இரண்டு விரல்கள் உடைந்து தொங்கியதைப் பார்த்தேன். இவள் பிடியை விடவில்லை. திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று அன்றைக்கு எனக்குச் சொன்னவளும் இவள்தான்.

அக்கா என்று வாய்வரை வந்தது.

பின்னால் பீப்பாய் இப்போதுதான் நகர ஆரம்பித்தது. பெண் இன்னும் வெளியே போகவில்லை.

விரல்கள் இடுக்கில் இருக்கும்போதே, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.