கொக்குக்கு எத்தனை கால்

மூன்றாவது மீனும் காலடியிலேயே போய்விட்டது. கொக்கு அசையவில்லை. பாறையில் கரித்துண்டால் அதை வரைந்து பழகிக்கொண்டிருந்த குரங்கு, ஆடக் கூடாது என்று சொல்லியிருந்தது.

“பசிக்குதுடா. வரைஞ்ச வரைக்கும் காட்டு,” என்றது கொக்கு.

படத்தில் இரண்டு கால்கள் இருந்தன.

“காலையிலேர்ந்து ஒத்தக் கால்லதானடா நிக்கிறேன்?”

“கொக்குக்கு ரெண்டு கால்னு எனக்குத் தெரியாதாண்ணே?”

“அழிச்சிட்டு வரை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை என்னைப் பாரு. இல்லேன்னா அடுத்த மீனோட நான் கிளம்பிடுவேன்.”

குரங்கு தலையாட்டியது. ஒரு காலை வாலால் துடைத்துவிட்டு, குனிந்து மும்முரமாகச் சிறகு போட ஆரம்பித்தது. நாலாவது மீன் வந்தது. கொக்கு அதைக் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் பறந்துவிட்டது.

“ஆடாதீங்கண்ணே, முடியப்போகுது,” என்றது குரங்கு, நிமிர்ந்து பார்க்காமலே.