நான்காவது கோல்

ஜெர்மனியின் கொலோன் நகரில் அபிராமுக்கும் ஒரு யூதப் பெண்ணுக்கும் கலியாணம். யூதர்கள் பிரார்த்தனையின்போது போர்த்தும் சால்வையை நான்கு கோல்களில் கட்டி, அதன் கீழேதான் மணமக்களை நிறுத்துவார்களாம். மூன்று கோல்களுக்கு ஆள் வந்துவிட்டது.

"அம்மா, நாலாவதை நீங்கள் வந்து பிடியுங்கோ."

"ஏலாது." கடைசி வரிசையில் இருந்த சுந்தரேஸ்வரி அசையவில்லை.

"அவையின்ர சமயம் எண்டதாலையோ?" அபிராமின் முகம் கறுத்தது.

"விசர்க்கதை கதையாதை. அப்பா செத்தாப் பிறகு நான் ஆற்றையாவது மணவறைப் பக்கம் போனதைக் கண்டனியே?"

"முன்னுக்குப் பாருங்கோ. முதல் கோலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது பொம்பிளையின்ர அம்மா. அந்தச் சால்வையே அவவின்ர மனுசன்ரை. போன வருசம் செத்துப்போனவர்."

சுந்தரேஸ்வரி கொசுவத்தைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே! எங்கை அந்தக் கோல்?"