சாம்பல் கலந்த கல்

“சீமெந்துக் கல்லெண்டு சொல்லிச் சாம்பலோ? பிள்ளையளின்ர தலையிலயோ காக்கா உங்கட வியாபாரம்?”

இதோடு மூன்றாந்தரம். புஸ்பராணியின் குரல் பாலையூற்றுச் சந்திவரை கேட்டிருக்கும்.

ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும், கல் அறுக்கும் ஸெய்னுதீன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். பக்கத்திலேயே உமிச்சாம்பல் குவியல். அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை.

“போட்டது உண்மைதான் தங்கச்சி. அரிசி ஆலையில உமி எரிச்சுப்போட்டு வீதியில கொட்டுற சாமான். அளவோட சேத்தா நல்லா இறுகும். கல்லு கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.”

“எங்கட வீட்டில சாம்பல் சட்டி மினுக்கத்தான்!”

சொன்ன வேகத்தில் ஒரு கல்லைத் தூக்கி நிலத்தில் அடித்தாள். உடைந்தால் அதுவே சாட்சி.

உடையவில்லை. அது இன்னும் எரிச்சல்.

“ஷெல் விழுந்த வகுப்பறை. பிள்ளையள் மரத்துக்குக் கீழ இருந்து படிக்குதுகள். சீமெந்து கொண்டுவர அனுமதி, அந்தப் பேர்மிற்றுக்கு என்ர மனுசன் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தவர். அந்தச் சீமெந்து எங்க?”

“வந்தது காணாது, போதாது தங்கச்சி. மாரிக்கு முன்னம் சுவர் எழும்பவேணும். அதுக்குத்தான் சாம்பல்.”

“ஏன் காணாது?”

ஸெய்னுதீன் காயாத கற்களின்மேல் மூடியிருந்த வெறும் சீமெந்துப் பைகளுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பையிலும் சிவப்பு மையால், பெருக்கல் குறிபோலப் பெரிய புள்ளடி.

“இதென்ன கோலம்?”

“சென்றிக் காவலரணில ஆமிக்காரன் போடுறது. பள்ளிக்கூடத்துப் பேர்மிற்றில வாற பைக்கு மட்டும். வேற இடத்துக்குப் போகக்கூடாதாம்.”

“போனதுதானே! நாளைக்கே கச்சேரிக்கு எழுதிக் குடுக்கிறன். இனி ஆர் உங்களிட்டக் கல்லு வாங்குகினமெண்டு பாப்பம். அசல் சீமெந்து எப்பிடி இருக்குமெண்டு தெரியவேணுமெண்டா நான் சமைக்கிற குசினிக்கு வாங்கோ. புதுசாய்ப் போட்ட சீமெந்து நிலம். முகம் பாக்கலாம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எழுதுங்க தங்கச்சி. ஆனா என்ர பேரை மட்டும் எழுதுங்க.”

“பின்ன ஆற்ற பேரை எழுதுறது?”

வீட்டுக்கு வரும் வழியில் துறைமுகப் பக்கம், நீரடியில் ஆள் நீந்தி வராமலிருக்க நேவிக்காரர் தண்ணீருக்குள் வெடி போட்டார்கள். மற்ற நாளென்றால் நெஞ்சு திக்கென்னும். இன்று அதற்கும் அவளுக்கு நேரமில்லை.

லிங்கநகர் வீட்டுக் குசினியில் அவள் கணவர் சோமசேகரம் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடக் கட்டிடக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

“அந்தாளைச் சும்மா விடும் புஸ்பம். சுவர் எழும்புதுதானே.”

“நீங்கள் தலைவரோ, பொம்மையோ? சீமெந்தைக் களவெடுத்தவன் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறான். நீங்கள் சும்மா விடும் எண்டுறியள்!”

மறுபடியும் வெடி. வீடு அதிர்ந்தது. சுவர்த் தட்டிலிருந்த சட்டிகள் கிலுகிலுத்துச் சரிய, புஸ்பராணி பாய்ந்து பிடித்தாள். சட்டி தப்பியது. சட்டிகளுக்குக் கீழே விரித்திருந்த தடித்த மண்ணிறக் கடதாசி வழுகி விழுந்தது. குசினி நிலம் போட்ட கையோடு, “தட்டுக்கு விரியும்” என்று சோமசேகரம்தான் கொண்டுவந்து கொடுத்தவர்.

குனிந்து எடுத்தாள். அடிப்பக்கம் மேலே வந்திருந்தது.

சிவப்புப் புள்ளடி.

வெறுங்காலில் நிலம் சில்லென்றது.

“இஞ்சேருங்கோ, இந்த நிலம் கடையில வாங்கின சீமெந்து எண்டு சொல்லுங்கோ.”

சோமசேகரம் கோப்பையை மெல்ல நிலத்தில் வைத்தார். அந்தப் பளபளப்பில் அவருடைய முகம் தெரிந்தது.

“ஒருக்கால் சொல்லுங்கோவன்.”